லயத்தை விட்டு மாடிக்கு...

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பார்கள் நம் பெரியோர். தோட்டத்து மக்களாகிய நாம் அதனுடன் வீட்டை மாற்றிப் பார் என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம். லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களைக் கேளுங்கள், வாசகர்களே. முதல் ஓராண்டு எப்படிக் கழிந்தது என்று கதை கதையாகச் சொல்லுவார்கள்.

அந்தக் கதை நடந்த இடங்களைக் காண வேண்டுமானால் கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறுங்கள். தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் பார்த்துவிட்டு நடந்தே நிலையத்துக்கு வந்துவிடலாம். கோலாலம்பூருக்கும் கிள்ளான் பகுதிக்கும் இடையே முதன்முதலில் ரயில் ஓடியது 1886இல். பின்னாளில் இந்தத் தடத்தைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. இன்று சன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் படுபவை தொழிற்சாலைகளும் கடைவீடுகளும், துணி காயும் அடுக்குமாடிகளுமே. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா இருக்கும் இடம் சீபீல்டு தோட்டம். பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எபிங்ஹாம் தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டி எழுப்பப்பட்டது. கிள்ளானுக்கு வடக்கே புக்கிட் ராஜா தோட்டமும் இன்று ஒரு நகரம்தான்.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறோம். 2001இல் திறக்கப்பட்ட இந்தப் பெரிய நிலையம், பிரிக்பீல்ட்சில் பழைய ரயில்வே யார்டு இருந்த இடத்தில் எழுந்தது. பக்கத்திலேயே 1915 வாக்கில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் இருந்தன. நம்மவர் பலர் அங்கே பிறந்து வளர்ந்தார்கள். அந்த வீடுகளின் காலமும் முடிந்துவிட்டது.

குவார்ட்டர்சுக்கும் லயத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் வேலையோடு வந்த வீடுகள். தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்குத் தகுந்த வீடு தரவேண்டும் என்று 1966இலும், பிறகு 1990இலும் சட்டம் வந்தது. ஆனால் வீடு தொழிலாளியின் சொத்தல்லவே! தோட்டம் கைமாறி மேம்பாட்டுக்குப் போனால் வேலையும் வீடும் சேர்ந்தே போய்விடும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில்தான், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பிரிக்பீல்ட்சின் பெரிய சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனாலும் சங்கம் வாங்கிய தோட்டங்கள் சில. கைவிட்டுப் போனவையோ பல. வெளியேறிய குடும்பங்களில் பல தற்காலிக நீண்ட வீடுகளில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, பிறகே மலிவுவிலை மாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மாடி வீட்டில் அப்படி என்ன கஷ்டம் என்று சிலர் கேட்கலாம். தோட்டத்து வீடு மட்டும் அரண்மனையா? பழைய லயங்களில் ஒரு கூடம், ஓரிரு அறை, ஒரு குசினி அவ்வளவுதான். பிற்கால மலிவுவிலை மாடிகளிலோ 650, 700 சதுர அடியில் மூன்று படுக்கையறைகள் உண்டு. குளியலறையும் உள்ளேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இடம் குறையவில்லை. ஆனால் லயத்து வீடு சுவரோடு முடிவதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முன்னால் வாசல், பின்னால் முருங்கையும் கருவேப்பிலையும், ஓரத்தில் கோழிக்கூண்டு, விறகு அடுக்கிய கொட்டகை, கல்யாணத்துக்குப் பந்தல் போடத் திடல் என எல்லாம் சேர்ந்ததே வீடு. உள்ளே நாம் படுத்து எழுந்தோம், வெளியேதான் வாழ்ந்தோம். மாடிக்கு வந்தபோது அந்த வெளி வாழ்க்கை முழுவதையும் நான்கு சுவருக்குள் திணிக்க வேண்டியதாயிற்று.

முதல் தொல்லை சாமான்கள். ஆட்டுக்கல்லையும் உரலையும் நாலாம் மாடிக்கு எப்படித் தூக்குவது? தூக்கினாலும், விடியற்காலையில் இடித்தால் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து சண்டைக்கு நிற்பார். மாடு வளர்த்தவர்கள் அவசரத்தில் வந்த விலைக்கு விற்றார்கள். சன்னலுக்கு வெளியே மூங்கிலில் துணி காயப்போட்டால் சொட்டும் தண்ணீர் அடுத்தவர் துணியில் விழும்.

அடுத்தது செலவு. தோட்டத்தில் வீட்டுக்கு வாடகை இல்லை. கொல்லையில் கீரை பறித்தார்கள், காட்டில் விறகு பொறுக்கினார்கள். மாடியில் தண்ணீருக்கு ஒரு பில், மின்சாரத்துக்கு ஒரு பில், பராமரிப்புக்கு ஒரு கட்டணம், அடுப்புக்கு எரிவாயுத் தோம்பு. வீடு வாங்கியவருக்கோ வங்கித் தவணையும் சேரும். மலிவுவிலை வீட்டுக்கு அரசாங்கம் 1982இல் வைத்த விலை 25,000 வெள்ளி. 1998இல் அது இடத்துக்குத் தக்கபடி 42,000 வரை போகலாம் என்றாயிற்று. வசதியுள்ளவருக்கு இது மலிவு. வெட்டுக் கூலியில் வாழ்ந்து வேலையும் இழந்தவருக்கு இது மலை.

சாவு வீட்டுத் துயரத்தைச் சொல்லவே மனம் கூசுகிறது. தோட்டத்தில் ஒருவர் கண் மூடினால் லயமே கூடிவிடும். மாடியில் குறுகிய நடைபாதை. பழைய கட்டடங்களில் மின்தூக்கியும் இல்லை. படிக்கட்டு வளைவில் பெட்டியைத் திருப்ப முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனை! நடக்க முடியாத பாட்டிமார் மாதக்கணக்கில் மண்ணை மிதிக்காமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறோம்.

ஆசிரியை என்ற முறையில் எனக்குப் பெரிதாகப் படுவது பிள்ளைகள் விஷயம். 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னால், மாடிக்குப் போய் ஆறு மாதமான பிள்ளைகளும் லயத்தையே எழுதுகிறார்கள். தோட்டத்தில் எந்தப் பிள்ளை தப்புச் செய்தாலும் ஒரு சித்தியோ மாமாவோ கண்டிப்பார். மாடியில் எல்லார் கதவும் சாத்தியிருக்கிறது. தாயும் தகப்பனும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால், படிக்கட்டில் யாரோடு உட்கார்ந்திருக்கிறான் மகன் என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு, படுக்கையும் குசினியும் உள்ள பெரிய வண்டியிலேயே குடியிருக்கிறார்கள். எதை விட்டுவருவது, தண்ணீருக்கும் கழிவுக்கும் என்ன செய்வது, கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்பவையே அவர்களுக்கும் முதல் கவலைகள். வாடகை கட்ட முடியாமல் வண்டிக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு என்றாலும், பலர் தாமே விரும்பி, நாள் குறித்து, யோசித்துப் புறப்பட்டவர்கள். நம் மக்களுக்கு நாள் குறித்தது நோட்டீசு.

ஆகவே, இன்றும் தோட்டத்தில் இருக்கும் அன்பர்களே, நோட்டீசு வரும் முன்பே சிலவற்றைச் செய்து வையுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வேலைக் கடிதம், சேமநிதிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் சேருங்கள். பத்திரம் இல்லாத பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் சாட்சிகள் இருக்கும்போதே பதிவிலாகாவுக்குப் போங்கள். குடிபோனதும் 30 நாளுக்குள் அடையாளக் கார்டில் முகவரியை மாற்றுங்கள். வீடு ஒதுக்கும்போது ஒரே தோட்டத்தாருக்கு ஒரே கட்டடம் வேண்டும் என்றும், முதியோருக்குக் கீழ்த்தளம் வேண்டும் என்றும் சேர்ந்து கேளுங்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டால் காதில் விழாது. பிள்ளைகளின் பள்ளி மாற்றத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்; தமிழ்ப்பள்ளி எத்தனை தூரம், பஸ் உண்டா என்று விசாரியுங்கள். சாமானை ஏற்றும் முன் புது வீட்டின் கதவையும் குசினியையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

குடிபுகுந்த முதல் வாரத்திலேயே மேல்வீடு, கீழ்வீடு, இருபக்கத்து வீடுகளுக்கும் போய்ப் பேசுங்கள். மலாய்க்காரரானாலும் சீனரானாலும், நம் வீட்டில் நாளை விசேஷம், சத்தம் இருக்கும் என்று முன்னால் சொல்லி ஒரு தட்டுப் பலகாரம் கொடுத்தால் கோபிப்பவர் குறைவு. ஒரே தோட்டத்திலிருந்து சேர்ந்து வந்து, மாதம் ஐந்து வெள்ளி போட்டு, நன்மைக்கும் தீமைக்கும் கூடுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாடியிலும் சித்தியும் மாமாவும் இருக்கிறார்கள்.