நள்ளிரவில் கேட்ட இசை

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டு. அமெரிக்கப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவைச் சார்ந்த ஜாக் மல்லின் என்னும் பொறியாளர் இங்கிலாந்தில் இரவு நெடுநேரம் கண்விழித்துப் பணிபுரிந்து வந்தார். களைப்பு நீங்க வானொலியைத் திருப்புவார். உள்நாட்டு நிலையம் ஓய்ந்த பின்னரும் ஜெர்மானிய நிலையத்திலிருந்து பல்லியக் குழுவின் இன்னிசை பெருகி வரும்.

அவர் உள்ளத்தே ஓர் ஐயம் பிறந்தது. இத்துணைக் கலைஞரும் இந்நேரத்தில் உறங்காது வாசிப்பரோ? இசைத்தட்டு எனின், ஊசி உராயும் கரகரப்புக் கேட்டல் வேண்டும். சில நிமிடத்திற்கு ஒருமுறை தட்டினை மாற்றுதலும் வேண்டும். இரண்டும் இல்லை. இசையைக் கேட்டு மகிழ்ந்தோர் பலராதல் கூடும். இசைக்கு இடையே நிலவிய அமைதியைக் கேட்டவர் அவர்.

1945இல் போர் ஓய்ந்தது. ஜெர்மானியரின் மின்கருவிகளை ஆராயும் பணி அவருக்கு வாய்த்தது. பாத் நௌஹைம் என்னும் ஊரிலுள்ள வானொலிக் கூடத்தில் வியத்தகு ஒலிப்பதிவுக் கருவி ஒன்று உளதென ஆங்கில அதிகாரி ஒருவர் கூறினார். மல்லின் எளிதில் நம்பினாரல்லர். நாடாவில் ஒலியைப் பதியும் கருவிகள் சிலவற்றை அவர் முன்னரே கண்டிருந்தார். அவற்றில் இரைச்சலே மிகுதி. திரும்பும் வழியில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பாரிசுக்குச் செல்வது. மற்றொன்று அவ்வூர்ப் பக்கம் செல்வது. அவர் இரண்டாவதில் திரும்பினார்.

அங்கே ‘மேக்னடோபோன்’ என்னும் கருவியில் நாடாச் சுருளை ஏற்றி ஓடவிட்டனர். எதிரே இசைக்குழு அமர்ந்து வாசிக்கின்றதோ, நாடா பேசுகின்றதோ என அவரால் பிரித்தறிய இயலவில்லை. காரணம் யாது? இரும்புத் துகள் பூசிய நாடாவில் ஒலியைப் பதியும்போது, செவிக்கு எட்டாத மிகுவிரைவு மின்னோட்டம் ஒன்றையும் உடன் கலக்கும் முறையை பிரவுன்மூல், வெபர் என்னும் இருவர் 1940இல் கண்டிருந்தனர். அதனால் இரைச்சல் அடங்கிற்று.

இத்தகைய கருவியைச் சோதிப்போர் முதலில் கேட்பது ஒலியை அன்று. ஒன்றும் பதியாத நாடாவை ஓடவிட்டு, எழும் ‘உஸ்’ என்னும் ஓசையை அளப்பர். பின்னர் ஒரே சுருதியை நெடுநேரம் பதிந்து கேட்பர். நாடாவின் ஓட்டத்தில் சிறு தளர்ச்சி நேரினும், அச்சுருதி முதியவர் குரல்போல் நடுங்கும். அதன்பின் மிகத் தாழ்ந்த ஒலி முதல் மிக உயர்ந்த ஒலி வரை வரிசையாகப் பதிந்து, எது மங்கிற்று என நோக்குவர். காந்த முனையில் தூசு படியின் உயர்ந்த ஒலிகளே முதலில் மங்கும்; பேச்சில் ‘ஸ’கரம் மழுங்கும். அளவுமானி மறவாது, ஆயினும் அது இசை அறியாது. செவி இசை அறியும். ஆயின் நேற்றுக் கேட்டதை இன்று மறக்கும். ஆதலின் சோதனைக்கு இரண்டும் வேண்டும்.

மல்லின் இரு கருவிகளையும் 50 நாடாச் சுருள்களையும் சிறுசிறு பொதிகளாக்கித் தம் ஊராகிய சான் பிரான்சிஸ்கோவிற்கு அனுப்பினார். மின்சுற்றுகளைத் தாமே புதிதாக அமைத்தார். 1946 மே 16ஆம் நாள் வானொலிப் பொறியாளர் அவையில் கருவியை ஓடவிட்டார். தாம் கேட்டது நேரில் நிகழும் இசையன்று என்பதை நம்ப இயலாது பலர் திகைத்தனர்.

அப்பொழுது பிங் கிராஸ்பி என்னும் புகழ்மிக்க பாடகர், நேரடி ஒலிபரப்பை விரும்பாது தட்டில் பதிந்து வந்தார். ஒரு தட்டினின்று மறுதட்டிற்குப் படியெடுக்கப் படியெடுக்க அவர் குரலின் தெளிவு குன்றிற்று; கேட்போர் தொகையும் குறைந்தது. 1947இல் மல்லினின் கருவியைக் கேட்ட அவர், தம் நிகழ்ச்சியைப் பதியும் பொறுப்பை அவரிடமே அளித்தார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் நாடாவில் பதிந்த முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று.

கையிலிருந்த நாடாவோ அந்த 50 சுருள்களே. பதிந்ததை அழித்து மீண்டும் பதிந்தனர். வெட்டிய துண்டுகளையும் எறியாது ஒட்டினர். நேராக வெட்டி ஒட்டின் ‘டக்’ என ஓசை எழும். சாய்வாக வெட்டின் எழாது. ஒட்டிய இடத்தைச் செவி கண்டுகொள்ளுமாயின், மறுபடியும் பிரித்து ஒட்டவேண்டியதுதான்.