சிப்பிக்குக் காது இல்லை

முப்பது வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தை மாதம் வகுப்பில் நின்று பிள்ளைகளின் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே, மார்கழியில் யார் எப்படி வருவார்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பேசாலைப் பக்கம் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போது வேலை. ஆள் பற்றாக்குறையால் ஐந்தாம் ஆண்டையும் என்னிடமே தந்திருந்தார்கள். கல்வி டிப்ளோமாவையும் அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தேன். மாதிரி, இணைபு, எதிர்வுகூறல் என்று புதிதாய்க் கற்ற சொற்கள் வாயில் கற்கண்டாய் இனித்த காலம் அது.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி 31 பிள்ளைகளின் பெயர்களையும் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘நன்று’, ‘மட்டம்’, ‘தேறாது’ என்ற மூன்றில் ஒன்றைப் போட்டேன். ‘தேறாது’ என்று நான் எழுதியவர்களில் ஒருவன் கடைசி வாங்கில் யன்னலோரம் இருப்பவன். விடியப்புறம் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு, ஈரம் காயாத தலையோடு வருவான். இரண்டாம் பாடத்துக்குள் கண் சொருகிவிடும்.

மார்கழித் தவணைப் பரீட்சை முடிந்ததும் கொப்பியைத் திறந்தேன். மூன்று பேரைத் தவிர மற்ற எல்லாருக்கும் நான் எழுதியதே பலித்திருந்தது. பெருமை பிடிபடவில்லை. அதையே ஆய்வுக் கட்டுரையாக்கி விரிவுரையாளரிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு பக்கமாய்ப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சது ஆர்?”

“நான், சேர்.”

“கேள்வித்தாள் தயாரிச்சது?”

“நான்தான்.”

“திருத்தினது?”

பதில் சொல்லாமல் நின்றேன். கொப்பியை மூடி என் கையில் தந்தார். “தம்பி, அந்த வருஷம் நீர் என்ன செய்வீர் எண்டதை இதில சரியாச் சொல்லியிருக்கிறீர்” என்றார்.

படகில் தண்ணீர் ஏறுவதுபோல அந்தச் சொல் மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது. பிறகு அவர் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் 1968இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்துவிட்டு, இன்னின்ன பிள்ளைகள் இந்த ஆண்டு திடீரென்று மலரப்போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கலில் எடுத்தவை. ஆண்டு முடிவில் பார்த்தால், முதலிரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முந்தியிருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதில் குறைகளும் கண்டார்கள். விளைவு அத்தனை பெரிதல்ல என்றார்கள். ஆனாலும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையில் படியும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் முற்றாகத் தள்ளிவிடவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் நான் என்னையே கவனித்தேன். முன்வாங்குப் பிள்ளையிடம் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை சிரித்த முகத்தோடு நிற்கிறேன். கடைசி வாங்கில் கேட்டால், அவன் எழும்பி நிற்பதற்குள் “சரி, இரு” என்று அடுத்தவனிடம் போய்விடுகிறேன். மேரி பட் ரோ என்ற அம்மையார் இதையே வகுப்பறைகளில் அளந்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருப்பது பெரும்பாலும் ஒரு விநாடிதானாம். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளுமாம், பேசாத பிள்ளையும் பேசுமாம். என் கடைசி வாங்குக்கு அந்த ஒரு விநாடியும் கிடைத்திருக்கவில்லை.

அப்போதுதான் அம்மப்பா சொன்ன முத்துக்குளிப்புக் கதை நினைவில் வந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரையெல்லாம் அவர் பெடியனாய்த் திரிந்த இடங்கள். குளிப்பு அறிவிக்குமுன் அரசாங்கத்தார் சிப்பி விளையும் கடலடிப் பாரில் கொஞ்சம் சிப்பி எடுப்பித்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என்று கணக்கு வரும். அதை நம்பித்தான் கடல் கடந்தும் வியாபாரிகள் வந்தார்கள். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் கடல் அள்ளிக் கொடுத்தது. அதைக் கண்டு லண்டன் கம்பனி ஒன்று 1906 தொடக்கம் 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் பாரில் சிப்பி அற்றுப்போயிற்று. 1912இல் கம்பனியை மூடினார்கள். மாதிரிச் சிப்பி அந்தப் பருவத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. வராத வருடங்களையும் அதனிடம் கேட்டதுதான் பிழை.

அதே 1905இல் பாரிஸில் பினே, சிமோன் என்ற இருவர் பிள்ளைகளுக்கான முதல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டார்கள். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்ட ஒன்று, அதைக் கூட்ட முடியாது என்று சொன்னவர்களை பினே கடுமையாக மறுத்தார். பிறகு அவருடைய அளவுகோலையே பலர் பிள்ளைகளின் நெற்றியில் முத்திரை குத்த எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் அதைத்தான் செய்திருந்தேன்.

கணிப்பது குற்றமில்லை. எந்தப் பிள்ளை தடுமாறும் என்று தை மாதமே தெரிந்தால், கை கொடுக்கக் காலம் கிடைக்கும். ஆனால் கணித்தவனே படிப்பித்து, கணித்தவனே திருத்தினால், அது தன் நிழலைத் தானே அளப்பதுபோல. இன்னொன்றும் உண்டு. சிப்பிக்குக் காது இல்லை. அதைப் பற்றி நாம் என்ன சொன்னாலும் அது அறியாது. பிள்ளைக்குக் காது உண்டு. நாம் வாய் திறக்காவிட்டாலும், எத்தனை விநாடி காத்திருக்கிறோம் என்பதிலேயே தன்னைப் பற்றிய தீர்ப்பை அது கேட்டுவிடும்.

அடுத்த ஆண்டு ஆறாம் ஆண்டுக் கணிதமும் என்னிடம் வந்தது. கரைவலைப் பையனும் வந்தான். ஒருநாள் பின்னப் பாடத்தில் அவனிடம் கேட்டேன்: “அரைவாசியைப் பன்னிரண்டாய்ப் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவு?” நின்றான். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். மூன்றும் போய் ஐந்தும் போயிற்று. “மீன் பங்கு மாதிரியோ, சேர்?” என்றான். ஓம் என்றேன். “இருபத்துநாலில ஒண்டு.” வெண்கட்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வருடம் முழுக்க இவனிடம் இது இருந்திருக்கிறது. நான் கேட்டுவிட்டு நிற்கவில்லை.

1990இல் போரால் ஊர் கலைந்தபோது அந்தக் கொப்பி வீட்டோடு போயிற்று. அந்த 31 பேரில் யார் மடுவுக்கு ஓடுவார், யார் படகேறி மண்டபம் அகதி முகாமில் இருப்பார் என்று அதில் ஒரு வரியும் இருந்ததில்லை. ‘நன்று’ என்று எழுதிய சிலருக்குப் படிப்பே நின்றுபோனது. எந்த ஆண்டும் போன ஆண்டைப் போலவே இருக்கும் என்று நம்பித்தான் மனிதன் கணிக்கிறான். கடலும் காலமும் அந்த வாக்கை யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்தப் பையன் மண்டபத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, சொந்தமாய்ப் படகு வைத்துத் தொழில் செய்தான். ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பிள்ளைக்குப் பத்து வயது, அந்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை.

“சேர், நீங்க பாத்தாச் சொல்லிப்போடுவீங்க. இவள் தேறுவாளோ?”

“அது எனக்குத் தெரியாது, தம்பி” என்றேன். பிள்ளையை அருகில் கூப்பிட்டு ஒரு கணக்குக் கேட்டேன். அவள் முற்றத்துப் பனையை நிமிர்ந்து பார்த்தாள். விரல்கள் மெல்ல அசைந்தன. உதவி செய்யத் தகப்பன் வாய் திறந்தான். கையை உயர்த்தி அவனை நிறுத்தினேன்.

இருவரும் காத்திருந்தோம்.