ஒரே பாட்டுக்கு நாலு தட்டு

ஒரே நிறத்தில் நாலு புடவை வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரே இசைத் தட்டை நாலு தினுசில் வாங்கலாம்; அதற்குப் பெயர் ரசனை! அமெரிக்க டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எங்கள் வீட்டில் நாலு இருக்கிறது. மாமனார் அமெரிக்காவில் படித்தபோது 1966-ல் வாங்கிய தட்டு ஒன்று. தங்கக் குறுந்தகடு, சாதாரணக் குறுந்தகடு, 45 சுழற்சித் தட்டு ஜோடி ஆகிய மற்ற மூன்றும் இவருடைய உபயம்.

"இதில் அப்படி என்ன அதிகம் கேட்கிறது?" என்றேன், நாலாவது பார்சல் வந்த அன்று.

"காது இருந்தால் தெரியும்" என்றார்.

எட்டு வருஷம் வீணை கற்றவளிடம் சொல்கிற வார்த்தையா இது? ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்துவிட்டேன்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்தேன். இது மிக முக்கியம். இரண்டில் சற்று உரக்கப் பாடுவதுதான் நம் காதுக்கு உயர்த்தியாகப் படும். பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வைத்தேன். பழைய தட்டு மட்டும் பொரி வறுக்கிற சத்தத்தால் தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

தங்கம் என்றதும் ஆசைப்படாதீர்கள். அலுமினியத்துக்குப் பதிலாக மெல்லிய தங்கப் பூச்சு, அவ்வளவுதான். அரித்துப் போகாது, பாட்டைப் பொன்னாக்கவும் செய்யாது. ஆனால் பழைய தட்டுக்குப் பின் அதை வைத்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்ருதி ஒரு இழை இறங்கியிருந்தது!

விஷயம் விசித்திரமானது. 1959 மார்ச் 2-ஆம் தேதி, நியூயார்க்கில் ஒரு காலத்தில் மாதாகோவிலாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா கம்பெனியார் ஒலிப்பதிவு செய்தார்கள். இரண்டு டேப் யந்திரங்கள் ஓடின. ஒன்று பிரதானம், மற்றது காப்புக்காக. பிரதான யந்திரம் அன்றைக்கு இம்மி மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரையும், ஸ்ருதி ஏறும். முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் 33 வருஷம் இப்படியே உலகமெங்கும் ஒலித்தன. ஏப்ரல் 22-ல் பதிவான இரண்டாம் பக்கத்தில் கோளாறு இல்லை. காப்பு டேப்பை எடுத்து 1992-ல்தான், இந்தத் தங்கத் தகட்டில், சரி செய்தார்கள்.

சாதாரணக் குறுந்தகடு அதற்குப் பின் வந்தது, ஸ்ருதி சரியானதே. அதையும் தங்கத்தையும் மாற்றி மாற்றி வைத்ததில், ஐந்து தடவையில் இரண்டு தடவைதான் இவர் சரியாகச் சொன்னார். காதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.

45 சுழற்சியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பள்ளம் ஊசியடியில் வேகமாக ஓடுவதால் ஓசை நீளமான இடத்தில் விரிந்து பதிகிறது. ஜிம்மி காப் தட்டும் தாளத்தட்டின் நுனி ஓசைகூடத் தெளிவு. ஆனால் தோசை மாதிரி அடிக்கடி எழுந்து திருப்ப வேண்டும்!

மாமனார்தான் கடைசி வரையில் ஒப்புக் கொள்ளவில்லை.

"எல்லாம் சோர்ந்து கிடக்கிறது அம்மா. நான் கேட்டது இது இல்லை."

உண்மைதான். வித்வான்கள் வாசித்தது இது. அவரும் மாமியாரும் ராத்திரிகளில் உட்கார்ந்து கேட்டது ஏறின ஸ்ருதி.

தங்கத்தை விற்றுவிடும்படி இவரிடம் சொல்லியிருக்கிறேன். பழைய தட்டு மாமனார் அறைக்குப் போய்விட்டது, பிளேயரோடு.