ஒரு கிறிஸ்துமஸ் பாட்டும் எங்கள் சண்டையும்

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நாங்கள் நால்வர் ஓர் அறையில் குடியிருந்த காலத்தில், டிசம்பர் பிறந்தால் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். சபா கச்சேரிகளுக்குச் சீட்டில்லாமல் நுழையப் பார்ப்பது ஒன்று. ஐரிஷ் நாட்டார் இசையையும் பங்க் இசையையும் சேர்த்துக் குலுக்கிய குழுக்களில் எது பண்டிகைக்கு உகந்தது என்று நள்ளிரவு தாண்டியும் சண்டையிடுவது மற்றொன்று. எங்களில் எவரும் அயர்லாந்தைக் கண்டதில்லை. கிறிஸ்தவர் ஒருவர்கூட இல்லை. ஒருவரின் அண்ணன் பாஸ்டனிலிருந்து பதிந்தனுப்பிய இரண்டு சி.டி.க்கள்தாம் எங்கள் தகுதி முழுவதும்.

முதல் சி.டி. 'தி போக்ஸ்' குழுவினுடையது. 1982-இல் லண்டனில் தொடங்கிய குழு. முதலில் வைத்துக்கொண்ட பெயர் ஐரிஷ் மொழியில் ஒரு வசவு. அதைச் சுருக்கியே இந்தப் பெயர் வந்தது. பான்ஜோ, அக்கார்டியன், தகர விசில் எல்லாம் உண்டு. பியர் தட்டைத் தலையில் மோதித் தாளம் போடும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பாடகர் ஷேன் மெகவன் 1957 டிசம்பர் 25 அன்று இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதில் சில காலம் டிப்பரேரியில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். கிறிஸ்துமஸ் அன்று பிறந்த மனிதர் கிறிஸ்துமஸ் பாட்டு எழுதினால் அதற்கு எதிராக என்ன பேச முடியும் என்பது எங்களில் இருவரின் கட்சி.

இரண்டாவது சி.டி. 'ட்ராப்கிக் மர்ஃபீஸ்'. 1996-இல் பாஸ்டனை ஒட்டிய குவின்ஸியில் தொடங்கியது. அண்ணனை பாஸ்டனில் வைத்திருந்தவருக்கு இக்குழு குலதெய்வம். அவருடைய வாதம் இது: ஐரிஷ்காரருக்குப் பண்டிகை என்றால் மார்ச் 17, புனித பேட்ரிக் நாள், அந்த வாரத்தில் பாஸ்டனில் ஆண்டுதோறும் மேடையேறும் குழுவை விட்டுவிட்டு, லண்டன் பையன்களின் அழுகைப் பாட்டைத் தூக்கிப் பிடிப்பது அறியாமை.

போலி, அசல் என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பும். லண்டன்காரர்கள் ஐரிஷ் வேடம் போடுகிறார்கள் என்று பாரம்பரிய இசைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தது உண்மையே. ஆனால் 1987-இல் 'தி டப்ளினர்ஸ்' என்ற மூத்த குழுவே அவர்களோடு சேர்ந்து ஒரு பழைய பாட்டைப் பதிவு செய்தது. பிரிட்டிஷ் பட்டியலில் அது முதல் பத்துக்குள் வந்தது. மார்ச் 17 மட்டும் என்ன அசல்? பாஸ்டனில் அந்நாளை 1737-லேயே கொண்டாடியிருக்கிறார்கள். நியூயார்க் ஊர்வலம் 1762-இல் தொடங்கியது. அயர்லாந்திலோ 1927-இல் வந்த ஒரு சட்டம் அன்றைக்கு மதுக்கடைகளை மூடி வைத்தது. பல பத்தாண்டுகள் அது நீடித்தது. கடல் தாண்டிப் போனவர்கள் குடித்து ஆடிய நாளில் ஊரில் இருந்தவர்கள் பூசை முடித்து வீடு திரும்பினார்கள். இந்தத் தகவலைக் கண்டெடுத்த அன்று போக்ஸ் கட்சிக்காரர்கள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. ஊர் விட்டவர்கள்தாம் பண்டிகையை உண்டாக்குகிறார்கள் என்றால், லண்டன் பையன்களை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

சண்டையின் நடுப்பொருளான பாட்டை இன்னும் சொல்லவில்லை. 1987 நவம்பரில் வந்த 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்'. மெகவனும் கிர்ஸ்டி மெக்காலும் பாடியது. அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது, பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றது. கிறிஸ்துமஸ் முன்னிரவில் போலீஸ் காவலில் கிடக்கும் ஒரு குடிகாரன், கனவோடு நியூயார்க் வந்து கெட்டழிந்த தன் காதலை நினைத்துக்கொள்கிறான். நடுவில் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிறார்கள். மேன்ஷன் சுவர்கள் அதிர நாங்கள் கூட்டமாகப் பாடியது அந்த ஏச்சுப் பகுதியைத்தான். அதில் அவள் அவனை நோக்கி எறியும் ஒரு சொல், ஆணை விரும்பும் ஆணை இழிவுசெய்யும் சொல்.

2007 டிசம்பரில் பி.பி.சி.யின் ரேடியோ 1 அந்தச் சொல்லை ஓசையின்றி ஒலிபரப்பியது. எதிர்ப்புக் கிளம்பவும் அன்றே மனம் மாற்றிக்கொண்டது. செய்தி எங்களை எட்டியபோது அதிசயமாக இரு கட்சியும் ஒன்றாயின. இலக்கியம் படித்தவர்கள் அல்லவா? பாத்திரத்தின் பேச்சு ஆசிரியரின் பேச்சாகாது, தெருவின் மொழியைக் கழுவினால் தெருவே இருக்காது என்றெல்லாம் முழங்கினோம். ஜி. நாகராஜனை இழுத்து வந்து சாட்சி சொல்ல வைத்தோம்.

நான்காமவர் வழக்கம்போலச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்சியிலும் சேராதவர். தேநீர் வாங்கி வருவது பெரும்பாலும் அவர்தான். எங்கள் முழக்கம் ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாலு வருஷமா இதே பாட்டப் பாடுறோம். அந்த வரி வர்றப்ப நான் வாயத் திறந்து பாத்திருக்கீங்களா?"

நாங்கள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தன்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ஓர் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்றார். எந்த எண் என்று தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொல்லை வெட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "அந்தப் பொம்பள சொல்லட்டும். அவளுக்கு அவ்வளவு கோபம். நீங்க மூணு பேரும் ஏன் அந்த இடத்துல மட்டும் குரல ஏத்துறீங்க?" என்றார். நாகராஜனைச் சாட்சிக்கு அழைத்தவருக்கு அப்புறம் பேச்சு வரவில்லை.

பாஸ்டன் கட்சியையும் அவர் விடவில்லை. தென் பாஸ்டனின் பேட்ரிக் நாள் ஊர்வலத்தில் தாங்களும் ஐரிஷ்காரர்கள்தாம் என்று சொல்லி ஒருபாலீர்ப்பாளர் குழு ஒன்று நடக்க விரும்பியதும், அமைப்பாளர்கள் மறுத்ததும், 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமைப்பாளர்கள் பக்கமே ஒருமனதாகத் தீர்ப்பளித்ததும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தன. பண்டிகை யாருடையது என்று நாங்கள் நான்கு ஆண்டுகள் வாதாடியிருக்கிறோம். யாரை வாசலில் நிறுத்துகிறார்கள் என்ற பேச்சு ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு மேன்ஷன் கலைந்தது. 2015-இல் அந்த ஊர்வலத்தில் ஒருபாலீர்ப்பாளர் அமைப்புகள் நடந்த செய்தியை அவர் எங்களுக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. கிர்ஸ்டி மெக்கால் 1992-இல் தொலைக்காட்சியில் பாடியபோது தாமாகவே அந்த வரியை மாற்றிப் பாடியதைப் பின்னால்தான் அறிந்தோம். 2000 டிசம்பரில் மெக்ஸிகோ கடலில் விசைப்படகு மோதி அவர் இறந்திருந்தார். சொல்லை மறைத்து ஒலிபரப்பினாலும் தமக்கு ஆட்சேபணை இல்லை, அந்தப் பெண் அப்படிப் பேசக்கூடியவள் என்பதால் எழுதினேன் என்ற பொருளில் மெகவன் 2018-இல் விளக்கம் தந்தார். எங்கள் அறையில் நாங்கள் முழங்கியதைவிட அது எவ்வளவோ அடக்கமானது.

மெகவன் 2023 நவம்பர் 30 அன்று மறைந்தார். டிப்பரேரியின் நீனா ஊர்த் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் அதே பாட்டைப் பாடினார்கள். சவப்பெட்டி முன்னே இருக்க உறவினர்கள் எழுந்து ஆடினார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அந்த டிசம்பரில் நாங்கள் நால்வரும் மீண்டும் கூடினோம். தலை நரைத்திருந்தது. ஒருவருக்குக் குடி கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழைய பாட்டைப் போட்டோம். ஏச்சு தொடங்கியதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டோம். சுவரோரம் இருந்தவர் மட்டும் அந்த வரியைப் பாடினார். எந்தச் சொல்லைப் போட்டுப் பாடினார் என்பது வாத்தியங்களின் இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை.