செஞ்சியில ஒரு எட்டு வருஷ அரியர்!

தஞ்சாவூர் வல்லம் இல்லீங்க, இது செஞ்சிக்குப் பக்கத்து வல்லம். ரிசல்ட்டுல அரியர் விழுந்திருக்கா? வீட்டுல சொல்லப் பயமா? பேசாம வல்லத்துல பஸ் ஏறி செஞ்சிக் கோட்டைக்கு வாங்க.

ராஜகிரி மலை சுமார் 800 அடி. ஏற ஏற மூச்சு வாங்கும். குரங்கு வேற முறுக்கைப் பிடுங்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால பாறையில பெரிய பிளவு, மேலே ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துட்டா எதிரி அங்கேயே நிக்க வேண்டியதுதான்!

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படிச்சுட்டு, இன்ஜினீயரிங்ல இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரிக்கிறவங்களுக்கும் இதே பிளவுதான். அதனாலதான் 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்பைத் தமிழிலும் கொண்டுவந்தது.

அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். 1693-ல் படைக்குச் சாப்பாடே இல்லாம வந்தவாசிக்குப் பின்வாங்கினார். திரும்ப வந்தார். கோட்டை கைக்கு வந்தது 1698-ல்!

பின்வாங்குறது கேவலமில்லை பாஸ். அரியரை மறைச்சு தனியா முட்டிக்கிறதுதான் ஆபத்து. புரியாத பாடத்தை சீனியர்கிட்ட கேளுங்க. அதுக்கு முன்னாடி, மலையிலிருந்து இறங்கினதும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க!