குண்டும் கட்டையும்

சென்ற கல்வியாண்டின் முதற்பருவத் தேர்விலே பௌதிகத் தாளில் யாம் பெற்ற மதிப்பெண் 100க்கு 17. இதனைக் கல்லூரி மலரில் அச்சிட்டு வெளிப்படுத்துவது நாணந் தருவதே யாயினும், பின்வரும் மாணவருள் எவரேனும் எம்மைப்போல் இடர்ப்படுவராயின் அவருக்கு ஒருவாறு துணையாகும் என்று கருதி, மறையாது எழுதத் துணிந்தோம்.

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எமக்கு எளிதாகவே இருந்தது. அதற்குக் காரணம் அதனை யாம் அறிந்திருந்தோம் என்பதன்று. வாய்பாடுகளை மனப்பாடம் பண்ணியிருந்தோம் என்பதே. வினாவிலே நிறையும் வேகமும் காணப்பட்டால், அவ்விரண்டும் அமைந்த வாய்பாடு ஒன்றைத் தேடியெடுத்து எண்களை இட்டு நிரப்புவோம். பெரும்பாலும் விடை வந்துவிடும். வராதவிடத்து வேறொரு வாய்பாட்டை எடுப்போம். பூட்டியது எந்தக் கதவு என்று பாராமல், சாவிக்கொத்திலுள்ள ஒவ்வொரு சாவியையும் நுழைத்துப் பார்ப்பவன் செய்கைக்கும் எம் செய்கைக்கும் வேற்றுமை இல்லை.

தேர்வில் வந்த வினா இது: 10 கிராம் நிறையுள்ள துப்பாக்கிக் குண்டு ஒன்று, கயிற்றிலே தொங்கும் 1,990 கிராம் மரக்கட்டையிற் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது, இரண்டும் ஒன்றாக ஆடி 5 சென்டிமீட்டர் உயரம் எழும்புகின்றன, குண்டின் வேகம் யாது? இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1742ஆம் ஆண்டில் வெளியிட்ட பீரங்கி நூலில், கண்ணுக்குப் புலப்படாத குண்டின் வேகத்தை இத்தகைய ஊசலைக் கொண்டே அளந்து காட்டியிருக்கிறார்.

ஆற்றல் அழிவதில்லை என்று யாம் படித்திருந்தோம். ஆகவே குண்டின் இயக்க ஆற்றல் முழுவதும் அந்த 2 கிலோகிராம் பொருளை 5 சென்டிமீட்டர் தூக்குவதிற் செலவாயிற்று என்று கொண்டோம். புவியீர்ப்பின் முடுக்கத்தை 10 என்று வைத்தால் அது 1 ஜூல். அதிலிருந்து குண்டின் வேகம் விநாடிக்கு 14 மீட்டர் என்று கண்டு, விடையின் அடியில் இரண்டு கோடுகளும் இழுத்து, மனநிறைவோடு அடுத்த வினாவிற்குச் சென்றோம். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த 14ஐச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இக்குண்டை நீர் கையாற் பிடித்துவிடலாமே" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். வேகப்பந்து வீசுவோர் கையிலிருந்து கிரிக்கெட்டுப் பந்து விநாடிக்கு 40 மீட்டர் அளவில் புறப்படுகிறது. எம் துப்பாக்கியோ அதிற் பாதி வேகமும் இல்லாத குண்டைச் சுட்டிருந்தது!

நகைப்பதற்குரிய செய்திதான், ஆனால் அன்று எமக்கு நகைப்பு வரவில்லை. யாம் உபகாரச் சம்பளம் பெற்றுப் படிப்பவர். இரண்டாம் பருவத்திலும் தவறினால் அது நிறுத்தப்படும் என்பது விதி. அவ்வுதவியின்றி ஒரு மாதமேனும் விடுதியில் தங்க எம் குடும்பநிலை இடந்தராது. அவ்வாரம் தந்தையாருக்கு எழுதிய கடிதத்தில் இங்கே பெய்த மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோம். தேர்வைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அதன்பின் யாம் செய்தது இன்னும் இழிவானது. அடுத்து வந்த கணக்குத் தாளை, நன்றாய்ப் படிக்கும் வகுப்பினர் ஒருவரின் ஏட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம். அதிலும் இந்த வகைக் கணக்கு ஒன்று இருந்தது. ஆசிரியர் எம்மைக் கரும்பலகைக்கு அழைத்து, பழைய குண்டுக் கணக்கையே செய்யச் சொன்னார். பார்த்தெழுதிய முறையை நினைவிற் கொண்டு, முதலில் உந்தத்தையும் பின்னர் ஆற்றலையும் எடுத்து, விநாடிக்கு 200 மீட்டர் என்று விடை கண்டோம். "மோதலுக்கு ஏன் உந்தத்தை எடுத்தீர்? ஆற்றலை ஏன் எடுக்கவில்லை?" என்று வினவினார். யாம் வாய்திறவாது நின்றோம். அவர் சிறிது நேரம் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடை சரிதான். உட்காரும்" என்றார். வைதிருந்தால் இத்துணை வருந்தியிருக்க மாட்டோம்.

எம் அறைத்தோழர் வரலாறு பயில்பவர். பௌதிகத்தில் அவருக்குப் பழக்கமும் இல்லை, அச்சமும் இல்லை. அன்றிரவு உறக்கம் வராமல் விளக்கேற்றி உட்கார்ந்திருந்த எம்மை நோக்கி, "உம்மை வருத்தும் அந்தக் கணக்கு யாது?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னோம். 200 மீட்டர் வேகமுள்ள அக்குண்டினிடம் இருந்த ஆற்றலையும் கணக்கிட்டுக் காட்டினோம். அது 200 ஜூல். கட்டை எழும்பியபோது மிஞ்சியிருந்தது 1 ஜூல்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "வரவு 200, கையிருப்பு 1. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இப்படிக் கணக்குக் காட்டினால் கணக்கப்பிள்ளையை உயிரோடு விடமாட்டார்கள். மீதி 199 எங்கே போயிற்று?" என்றார்.

பௌதிகம் பயிலும் எமக்கு அதுவரை இக்கேள்வி தோன்றவேயில்லை. குண்டு எவ்விடத்தில் நின்றது என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். அது மரத்தின் நாரைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது, தானும் நசுங்கியிருக்கிறது, ஈயமும் மரமும் சூடேறியிருக்கின்றன. 199 ஜூலும் அங்கேதான் இருக்கிறது. ஆற்றல் அழியவில்லை, கட்டையைத் தூக்க உதவாத உருவங்களுக்கு மாறிவிட்டது. உந்தமோ அவ்வாறு வெப்பமாய் மறைய இயலாது. குண்டு கட்டையைத் தள்ளும் அளவே கட்டையும் குண்டைத் திருப்பித் தள்ளுகிறது. ஒன்று இழந்ததை மற்றொன்று அப்படியே பெறுகிறது. மோதல் நிகழும் கணம் மிகச் சிறியதாகலின் கயிறோ புவியீர்ப்போ இடையிற் புகுந்து அக்கணக்கை மாற்ற நேரமில்லை. மோதி முடிந்து கட்டை மேலெழும் போதுதான் ஆற்றற்கணக்கு செல்லும். ஆகவே வினாவில் இருந்தது ஒரு நிகழ்ச்சியன்று, இரண்டு. அவ்விரண்டையும் ஒன்றாய் ஒட்டிவிட்டதே எம் பிழை.

இதில் எமக்கு முன் வழுவியவர் சிறியோர் அல்லர் என்று பின்னர்ப் படித்தறிந்து சிறிது ஆறுதலுற்றோம். பெரிய அறிஞராகிய டேக்கார்ட், அசையாதிருக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எத்துணை வேகமாய் மோதினும் அசைக்க இயலாது என்று 1644இல் வெளிவந்த நூலில் விதி வகுத்தார். அவர் துப்பாக்கிச் சூட்டில் எம் கட்டை ஆடவே ஆடாது. அவ்விதிகளின் பிழையை விளக்கிய ஹைகென்ஸ் ஒரு படகை நினைவிற் கொண்டார். சீராய்ச் செல்லும் படகிலே ஒருவன் இரண்டு சமமான குண்டுகளை எதிரெதிராய் ஒரே வேகத்தில் மோதவிடுகிறான். அவை வந்த வேகத்திலேயே திரும்புகின்றன. படகும் அதே வேகத்திற் செல்லுமானால், கரையில் நிற்பவனுக்கு ஒரு குண்டு அசையாதிருப்பதும், மற்றது இரட்டை வேகத்தில் வந்து மோதி நிற்பதும், நின்றிருந்தது ஓடுவதுமே காட்சியாகும். கோலி ஆடிய சிறுவர் யாவரும் இதைக் கண்ணாற் கண்டவரே. யாமும் கண்டிருந்தோம், வகுப்பிற்குள் நுழைகையில் அதை வாசலில் விட்டு வந்திருந்தோம்.

அன்றுமுதல் எழுதுகோலை எடுக்குமுன் நிகழ்ச்சியைப் பார்க்கத் தொடங்கினோம். பாய்மங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு பழைய வினா உண்டு: குளத்தில் மிதக்கும் தோணியிலுள்ள கல்லை நீரில் எறிந்துவிட்டால், குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? ஏறும் என்றே யாம் அடித்துக் கூறினோம். அறைத்தோழர் குளியலறையிலிருந்து வாளியைக் கொணர்ந்தார். சமையலறையில் ஒரு கிண்ணமும் அரைக் கிலோ இரும்புப் படிக்கல்லும் இரவல் வாங்கினோம். கல்லைத் தாங்கிக் கிண்ணம் மிதந்தபோது வாளியின் உட்புறத்தில் ஒரு கோடு இட்டோம். கல்லை எடுத்து நீரில் இட்டதும் மட்டம் அக்கோட்டிற்குக் கீழே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கி நின்றது. மிதக்கும்போது அக்கல்லின் பொருட்டு 500 கிராம் நீர் விலக வேண்டும். மூழ்கிக் கிடக்கும்போதோ அதன் பருமனளவாகிய 64 கனசென்டிமீட்டர் நீரே விலகும். கண்டபின் இது எளிது. படிக்கல்லை ஈரத்தோடு திருப்பிக் கொடுத்ததற்குச் சமையற்காரர் சொன்ன சொற்கள் இங்கு வேண்டா.

தொட்டியின் துளை வழியே பீறிடும் நீரைப் பற்றி டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதியும் அவ்வாறே தெளிவாயிற்று. நீர்மட்டத்திற்கு 1.25 மீட்டர் கீழே துளையிருப்பின் நீர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். அவ்வுயரத்திலிருந்து விழும் கல் அடையும் வேகமும் அதுவே. தொட்டியில் இருப்பது பாதரசமாயினும் வேகம் மாறாது. ஆய்வுக்கூடத்தில் ஒழுகிய நீரைப் பிடித்து அளந்தபோது, துளையின் பரப்பை வேகத்தாற் பெருக்கி யாம் எதிர்பார்த்ததில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைத்தது. முன்னாளாயின் அளவையைத் திருத்தி எழுதியிருப்போம். இம்முறை குனிந்து தாரையைப் பார்த்தோம். துளையை விட்டு வந்தவுடன் அது மெலிந்து போவது தெரிந்தது.

இரண்டாம் பருவத்தில் 61 பெற்றோம். உபகாரச் சம்பளம் தொடர்ந்தது. தந்தையாருக்கு இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களையும் ஒரே கடிதத்தில் எழுதினோம்.

ஆண்டிறுதியில், கால்பந்தின் மேல் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து இரண்டையும் சேர்த்துக் கீழே விட்டால் மேற்பந்து என்னாகும் என்னும் வினா வந்தது. கீழ்ப்பந்து மிகப் பெரிதாயும் மோதலில் இழப்பு சிறிதும் இல்லாமலும் இருந்தால், விட்ட உயரத்தைப்போல் ஒன்பது மடங்கு எழும்பும் என்று தாளிற் கண்டு, விடுதித் தாழ்வாரத்தில் செய்து பார்த்தோம். டென்னிஸ் பந்து ஒன்பது மடங்கு எழும்பவில்லை; விளக்கு வரையில் எழும்பிற்று. கண்ணாடி சிதறிய ஓசை அடங்குமுன்னே அறைத்தோழர், "இந்தப் பந்துக்கு இவ்வளவு வரவு எங்கிருந்து வந்தது?" என்றார். யாம் கால்பந்தைக் காட்டினோம். அது துள்ளாமல் சோர்ந்து உருண்டுகொண்டிருந்தது. விளக்கின் விலை எம்மிருவர் கணக்கிலும் பாதிப்பாதியாய்ப் பற்றெழுதப்பட்டது.