முப்பத்தைந்து விநாடி என்று யார் சொன்னது?

போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் பேசிய டாக்டர் ஒருவர், “இனிமேல் சிடி ரூமில் பட்டன் அழுத்தக்கூட ஆள் வேண்டாம், மெஷினே பார்த்துக்கொள்ளும்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

பட்டன் அழுத்துவதுதான் என் வேலை என்றால், கல்லீரல் ட்ரிபிள் ஃபேஸ் எடுக்கும்போது எனக்கு ஏன் 32 வருடமும் உள்ளங்கை வியர்த்தது?

மற்ற உறுப்புகளில் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகே உறுதி சொல்வார்கள். சிரோசிஸ் உள்ள கல்லீரலில் அப்படியில்லை. படம் சரியாக அமைந்தால் பயாப்சி இல்லாமலே எச்.சி.சி., அதாவது கல்லீரல் செல் புற்றுநோய், என்று எழுதிச் சிகிச்சை தொடங்கலாம். 2011இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி கொண்டுவந்த லை-ராட்ஸ் முறையும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. ஆனால் ஆர்ட்டீரியல் ஃபேஸ் தப்பிவிட்டால் அந்த முறையில் ‘5’, அதாவது உறுதியாக எச்.சி.சி., என்று போட வழியே கிடையாது.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் வெயின் வழியாக வருகிறது. கால் பங்குதான் தமனி வழி. கட்டியோ தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. அதனால் தமனி நிறைந்து, போர்ட்டலில் நாங்கள் ஊசி வழியாகச் செலுத்தும் டை லேசாகத் தலைகாட்டி, ஹெபாட்டிக் வெயின்கள் இன்னும் கருப்பாகவே இருக்கும் சில விநாடிகளில் கட்டி வெள்ளையாக எழும்பும். அதன்பின் போர்ட்டல், டிலேய்டு படங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துவிடும். அதுதான் வாஷ்அவுட். அந்தச் சில விநாடிகளைப் பிடிப்பதே எங்கள் தொழில்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்தது ஒற்றை ஸ்லைஸ் ஸ்பைரல். டை செலுத்தத் தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் 35 விநாடி என்று வைத்து ஆர்ட்டீரியல் ஃபேஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வயதான அம்மா ஒருவர் வந்தார். சிரோசிஸ், கட்டிக்கான ரத்தச் சோதனையான ஏ.எஃப்.பி. அதிகம், கால் வீக்கம். வழக்கம்போல எடுத்தேன். கட்டி எதுவும் தெரியவில்லை. படத்தைக் கழுவி எடுத்துப்போய் நிம்மதியாக நீட்டினேன்.

என் சீனியர் ஃபிலிமை வ்யூ பாக்ஸில் மாட்டினார். கல்லீரலைப் பார்க்கவே இல்லை. முதலில் போர்ட்டல் வெயினில் விரல் வைத்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. பிறகு மண்ணீரல், வரிக்குதிரை மாதிரிப் பட்டை பட்டையாக இருந்தது.

“தம்பி, முப்பத்தஞ்சு செகண்டுன்னு உனக்கு யார் சொன்னது?”

“புரோட்டோகால்ல இருக்குண்ணே.”

“அந்தம்மாவோட ஹார்ட்டுக்கு அது தெரியுமா? கால் வீங்கியிருக்கே, பார்க்கலையா நீ? ரத்தம் மெதுவா ஓடுற உடம்புக்கு நீ அவசரப்பட்டுட்ட.”

கிரியேட்டினின் பார்த்து, சில நாள் கழித்து அந்த அம்மாவை மறுபடி வரவழைத்தார். முழங்கை மடிப்பில் தடித்த பச்சை வென்ஃப்ளான் போட்டார். முதலில் 20 மில்லி மட்டும் செலுத்தி, அயோர்ட்டாவை ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்பப் படமெடுத்து, டை உச்சத்துக்கு வர எத்தனை விநாடி என்று எண்ணினார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெகு தாமதம். அதற்கு முன்பே கால் மணி நேரம் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுப் பிடிக்கப் பழக்கியிருந்தார். “ஆழமா இழுக்காதீங்கம்மா, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவா இழுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூச்சு மாறினால் உதரவிதானத்துக்கு அடியில் உள்ள எட்டாம் செக்மென்ட் ஒவ்வொரு ஃபேஸிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்.

இந்த முறை அதே எட்டாம் செக்மென்டில், இரண்டு சென்டிமீட்டர் அளவில், வெள்ளையாக வந்து நின்றது. என் முதல் ஃபிலிமில் அது இருந்த இடம் சுத்தமாக இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு ஃபிலிமையும் ஒரு வாரம் வ்யூ பாக்ஸிலேயே தொங்கவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் போர்ட்டல் வெயினைப் பார்க்காமல் நான் கல்லீரலைப் பார்த்ததில்லை.

இன்று மெஷினே அயோர்ட்டாவைக் கண்காணித்து, டை 100 அல்லது 150 எச்.யூ.வைத் தொட்டதும் எண்ணத் தொடங்குகிறது. நல்ல வசதிதான். ஆனால் புறங்கையில் மெல்லிய நீல வென்ஃப்ளானைப் போட்டு, வலிக்குமென்று இரண்டு மில்லி வேகத்தில் டை விட்டால் அந்த வசதியால் என்ன பயன்? வரிசையில் இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்று மூச்சுப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். ஃபேஸ் தவறிய படத்தைத் திருப்பி அனுப்பும் டாக்டர்களும் குறைந்துவிட்டார்கள். ‘சிரோசிஸ், கட்டி எதுவும் காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து அந்த நோயாளி வரும்போது கட்டி போர்ட்டல் வெயினுக்குள் நுழைந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சிடி ரூமில் இன்று நிற்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: நோயாளியின் காலைப் பாருங்கள், நாடியைப் பாருங்கள், நல்ல நரம்பைத் தேடுங்கள், மூச்சைப் பழக்குங்கள். படம் வந்ததும் முதலில் போர்ட்டல் வெயினைப் பாருங்கள். அது கன்னங்கரேல் என்று இருந்தால், கட்டி இல்லை என்று எழுத யாரையும் விடாதீர்கள்.